நாலு வீட்டுக்கு ஒரே சாம்பார்

எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். அதற்கப்புறம் கோலமாவைத் தவிர வேறு எதையும் வைத்துக் கோடு இழுத்தது கிடையாது. மறதியும் சேர்ந்துகொண்டது. வாசலுக்கு எதற்கு வந்தோம் என்று நின்று யோசித்துக்கொண்டிருப்பேன், உள்ளே பால் பொங்கிக் கருகுகிற வாசம் வரும், அப்போதுதான் அடுப்பில் பால் வைத்ததே நினைவுக்கு வரும். வாசலுக்கு எதற்கு வந்தேன் என்பது அப்போதும் வராது.

ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும் என்று பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லிவிட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நீங்களே எழுதக்கூடாதா என்று கேட்டேன். "நான் எழுதினா என்னைய நல்லவளா எழுதிக்குவேன். நீ எழுது" என்றார்.

எனக்குப் புது ஆட்களைக் கண்டால் பேச்சு வராது. இந்த வயசிலும் அப்படித்தான். யாராவது வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன், அல்லது அடுப்படிக்குள் போய்விடுவேன். அடுப்புக்கு முன்னால் நின்றால் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் நன்றாகச் சமைக்கப் பழகினது இந்தக் கூச்சத்தால்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு மதுரைக் கோச்சடையில், வைகைக்குப் போகிற ஒரு வாய்க்காலை ஒட்டின சந்தில் இருக்கிறது. சந்தின் கடைசியில் நாலு வீடு. டீச்சர் வீடு மாடி வீடு. அடுத்தது எங்களுடையது, நான், என் மகன், மருமகள், அவளுடைய கைக்குழந்தை. மகனுக்குச் சென்ட்ரிங் வேலை. மூன்றாவதில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவன் இருக்கிறான். வெள்ளம் வந்த சமயம் அவன் பெண்சாதி பிரசவத்துக்காக சமயநல்லூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நாலாவது வீடு எங்களுக்கு எதிரே, கொஞ்சம் மேடான இடத்தில். சௌராஷ்டிரக் குடும்பம். அங்கே ஒரு பெரியவரும் அவர் மருமகளும். மகன் சேலை வியாபாரமாக வெளியூர் போனவன் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டான். பெரியவர் வெளியில் கை நனைக்க மாட்டார். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால்கூட வாழ்த்திவிட்டு வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவார்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு விடியற்காலையில் சந்துக்குள் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டு சிலிண்டர் வாத்து மாதிரி மிதந்து வாசலைத் தாண்டி வலது பக்கம் திரும்பிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதன் பின்னாலேயே எதிர் வீட்டு சிலிண்டரும் போனது. ஜோடியாக எங்கோ விசேஷத்துக்குப் போகிற மாதிரிப் போயின. அரிசி டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து, அரிசி ஊறி உப்பி, வெளியே கொட்டினால் கோழிகூட மூக்கைத் திருப்பியது.

தண்ணீர் வடிந்த பிறகு முதலில் பொட்டலச் சாப்பாடு வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அப்போதுதான் நாலு வீட்டிலும் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். டீச்சர் மாடியில் இருந்ததால் அவருடைய கேஸ் அடுப்பும் அரை மூட்டை அரிசியும் நனையவில்லை. எதிர் வீட்டில் பரணில் வைத்திருந்த துவரம்பருப்பும் புளியும் தப்பின. எங்கள் வீட்டில் உறியில் கட்டியிருந்த மிளகாய்ப்பொடியும் வடகமும். ஆட்டோக்காரத் தம்பியிடம் ஒன்றுமே இல்லை. ஆனால் வெள்ளத்தில் எந்த ஊர்த் தோட்டத்திலிருந்தோ உருண்டு வந்த பூசணிக்காய்களை அவன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பிடித்து வைத்திருந்தான். ஆட்டோ மூழ்கினதைப் பற்றிக் கவலையே இல்லாமல், "பெரியம்மா, ஆத்துல மீன் புடிப்பாங்க, நான் காய் புடிச்சேன்" என்று எல்லோரிடமும் காட்டினான்.

அரிசி ஒரு வீட்டில், பருப்பு ஒரு வீட்டில், மிளகாய்ப்பொடி ஒரு வீட்டில், காய் ஒரு வீட்டில். டீச்சர் மாடியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உலை வைப்பது என்று முடிவானது. சமைக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்டு வாங்கினேன் என்றால், எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் போய் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டேன். கேஸ் மிச்சம் பிடிக்க ஒரு வேளைதான் உலை. மத்தியானம் வடிக்கிறதே ராத்திரிக்கும். அவரவர் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள்.

எதிர் வீட்டுப் பெரியவருக்கு இது தெரியக்கூடாது. அவர் மருமகள் என்ன செய்தாள் என்றால், சொந்தப் பித்தளைத் தூக்கில் சாம்பாரை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போவாள். எரியாத அடுப்பின் மேல் வாணலியை வைத்து, கரண்டியால் கொஞ்ச நேரம் தட்டுவாள். நடுவில் இருமவும் செய்வாள், புகை என்று நினைக்கட்டும் என்று. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பரிமாறுவாள். பெரியவர் முன்கட்டில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். ரெண்டாம் முறை சாம்பார் கேட்பார். இதற்கு முன்னால் அவர் ரெண்டாம் முறை கேட்டதே இல்லை என்று அவள் எங்களிடம் கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னாள்.

அரிசி மூட்டை தரை தட்டுகிற நிலைமைக்கு வந்தது. என் மகனுக்கு வேலை இல்லை, எல்லா இடத்திலும் சேறு. எனக்குப் பெரிய கவலை மருமகளைப் பற்றித்தான். குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறு ஆகாரம் இல்லை. அவள் ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டால் அன்றைக்கே அது குழந்தையின் அழுகையில் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் டீச்சர் வார்டு ஆபீசில் விசாரித்துவிட்டு வந்து ஒரு சேதி சொன்னார். வெள்ளத்துக்கப்புறம் யார் வீட்டில் சாப்பாடு இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று அவசரமாகப் பார்த்து எழுத ஆட்கள் வருகிறார்களாம். இல்லை என்று எழுதினால் வீட்டுக்கு ஒரு மூட்டை. அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு மாசத்துக்குத் தாங்கும்.

மறுநாள் உச்சி வெயிலில் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். காலையில் திருவாதவூர்ப் பக்கம் மூழ்கின வயல்களைப் பார்த்துவிட்டு வந்தாளாம். செருப்பில் அந்த ஊர்க் களிமண்ணும் எங்கள் சந்துச் சேறும் சேர்ந்து, ஒவ்வொரு காலும் ஒரு படி கனம் இருக்கும் போலத் தூக்கி வைத்தாள். கையில் பலகை மாதிரி ஒரு பெரிய செல். அதைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்கிறாள்.

முதலில் டீச்சர் வீடு. இந்த வீட்டில் சமைக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். டீச்சர் என்னைக் கை காட்டினார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முதுகைப் பார்த்து அவள் கேள்வியை ஆரம்பித்தாள்.

போன வாரத்தில் என்றைக்காவது சாப்பாடு போதாமல் இருந்ததா, பெரியவர்கள் சாப்பிடாமல் பிள்ளைகளுக்குக் கொடுத்தது உண்டா, பிறத்தியாரிடம் வாங்கிச் சாப்பிட்டது உண்டா. எல்லாம் இந்த மாதிரிக் கேள்விகள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் யாராவது சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஆச்சு என்றுதான் சொல்ல வேண்டும். வயிறு காய்ந்தாலும் ஆச்சு. இல்லை என்று சொல்லிவிட்டால், எனக்கு ஒரு தட்டு போடு என்று கேட்ட மாதிரி ஆகிவிடும், கேட்டவருக்கும் சங்கடம். என் அம்மா எனக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் கற்றுக்கொடுத்தாள். அந்தப் பெண் கேட்ட எல்லாக் கேள்வியும் எனக்கு அந்த ஒரே கேள்வியாகத்தான் கேட்டது. "ஆச்சு தாயி" என்றேன். அடுத்ததைக் கேட்டாள். அதற்கும் ஆச்சு.

டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாரே, அவராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவருக்கு வேறு வியாதி. அவரிடம் படித்தவர்கள் மதுரை முழுக்க இருக்கிறார்கள், இந்தப் பெண்ணின் அம்மாவே படித்திருந்தாலும் படித்திருக்கலாம். பிறத்தியாரிடம் வாங்கிச் சாப்பிட்டீர்களா என்று கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இந்த வீட்டில் கொடுத்துத்தான் பழக்கம் என்று சொல்லிவிட்டார். மூட்டை வேண்டும் என்று வார்டு வரைக்கும் நடந்தவரும் அவர்தான்.

அதோடு விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்த பிள்ளையை எப்படிச் சும்மா அனுப்புவது. அந்தப் பெண், போகிற வீட்டில் சாப்பிடக்கூடாது என்று எங்களுக்கு ரூல் என்றாள். "ஒங்க ரூல் ஒங்க ஆபீஸ்ல. இது என் வீடு. ஒக்காரு" என்றார் டீச்சர். அந்தக் குரலுக்கு உட்காராதவர்கள் கிடையாது. சோறு, பூசணிக்காய் சாம்பார், வறுத்த வடகம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள் போல, தலை நிமிராமல் சாப்பிட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்தது எங்கள் வீடு. இந்த வீட்டில் யார் சமைக்கிறது என்று கேட்டாள். மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்க அத்தைதான் என்றாள். நான் அதற்குள் மாடியிலிருந்து இறங்கிக் கொல்லை வழியாக வந்து எங்கள் அடுப்படியில் நின்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு, வயசானவர்கள் எல்லாம் பார்க்க ஒன்று போலத்தான் இருப்பார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, கேள்வியை ஆரம்பித்தாள். நான் ஆச்சு என்றதும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. டீச்சர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனால் மருமகளுக்கு மரியாதை என்ன ஆவது. இங்கேயும் இலை போட்டோம். பாதி சாப்பிட்டாள்.

மூன்றாவது ஆட்டோக்காரத் தம்பி. நானே சமைக்கிறேன் என்று அவன் தைரியமாகச் சொல்லிவிட்டான். தனியாக இருக்கிற ஆம்பளைக்குப் பக்கத்து வீட்டுச் சாப்பாடு என்றால் கேலி செய்வார்களாம். நான் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், கையில் அவளுக்குப் பரிமாறச் சாம்பார்த் தூக்கு. நேற்று என்ன காய் சமைத்தீர்கள் என்று கேட்டாள். அவனே பிடித்த காய்தான், ஆனால் கேள்வி என்று வந்ததும் பதறிவிட்டான், சாப்பிடும்போதும் தட்டில் என்ன கிடக்கிறது என்று பார்க்கிற ஆள் இல்லை. அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்து முழித்தான். நான் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, ரெண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் உருண்டையாக வளைத்துக் காட்டினேன்.

"பலாப்பழம்" என்றான்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். சாம்பாரிலா என்று கேட்டாள். "எங்க வீட்ல போடுவோம்ங்க. ருசியா இருக்கும். சாப்ட்டுப் பாருங்களேன்" என்று அவன் கொல்லைப் பக்கம் வந்து என் தூக்கை வாங்கித் தட்டில் ஊற்றி வைத்தான். அதில் பூசணிக்காய்தான் மிதந்தது. அவள் ரெண்டு வாய் சாப்பிட்டாள்.

நாலாவது எதிர் வீடு. பெரியவர் முன்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் அந்த மருமகள் வேறு என்ன சொல்ல முடியும். நான்தான் சமைக்கிறேன், குறை ஒன்றும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம் என்றாள். நம்ம வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று பெரியவரே சொன்னார். அந்தப் பெண் நாலாவது முறையாக உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். கை அப்படியே நின்றது. மெதுவாகத் தலையைத் திருப்பினாள். கொல்லை வாசலில் சாம்பார்த் தூக்கோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

போகும்போது என்னை மட்டும் டீச்சர் வீட்டு மாடிப்படி ஓரமாகக் கூப்பிட்டாள். ஓடிவிடலாமா என்று பார்த்தேன், படியில் சேறு.

"பாட்டி, நீங்க எத்தனை வீட்டுக்குச் சமைக்கிறீங்க?"

இதற்கு ஆச்சு என்று சொல்ல முடியாது. "நாலு" என்றேன்.

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அப்புறம் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேராக இருந்தாலும், எத்தனை கூரைக்குக் கீழே படுத்தாலும், அவர்கள் கணக்குக்கு ஒரே குடும்பமாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டை. அதுவும் எல்லா வீட்டிலும் குறை இல்லை என்று சொல்லிவிட்டதால் அந்த ஒன்றும் சந்தேகம்தான். நாளைக்குக் காலையில் எங்கள் சார் வந்து சரிபார்ப்பார், அவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள் என்றுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போனாள்.

நான் மேலே போய் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "ஒரு வருசத்துக்கு ஒரு வார்த்த பேசுற ஆளு. அந்த ஒரு வார்த்தைல மூணு மூட்ட அரிசி போச்சு" என்றார் டீச்சர். ஆட்டோக்காரத் தம்பி எனக்குப் பரிந்து பேசினான். "விடுங்க டீச்சர், பெரியம்மா பாவம். நீங்க மட்டும் என்ன, வாங்கிப் பழக்கமில்லன்னு ராணி மாதிரி சொன்னீங்க." அதற்கு டீச்சர், பலாப்பழ சாம்பாரைப் பற்றிக் கேட்டார்.

கடைசியில் டீச்சர் ஒரு வழி சொன்னார். நாளைக் காலை சார் வரும்போது நாலு வீட்டிலும் தனித்தனியாக அடுப்பு எரிய வேண்டும். நாலு அடுப்பு என்றால் நாலு குடும்பம். மூட்டையில் கிடந்த கடைசி அரிசியைத் தம்ளரால் அளந்து நாலாகப் பிரித்தார், பருப்பையும் பிரித்தார். சொத்துப் பிரிக்கிற மாதிரி எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாங்கிக்கொண்டோம். ஒரு வாரம் ஒரே உலையில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

விடிந்ததும் ஆரம்பித்தோம். டீச்சருக்குத்தான் கேஸ். மற்ற மூன்று வீட்டிலும் வாசலில் செங்கல் வைத்து விறகு அடுப்பு. ஆனால் விறகு ஏது. வெள்ளத்தில் வந்து ஒதுங்கின ஈரமட்டையும், உடைந்த நாற்காலியும்தான். சந்து முழுக்கப் புகை. ஆட்டோக்காரத் தம்பி ஊதி ஊதிக் கண் சிவந்து, கல்யாண வீட்டில் பெண்ணை அனுப்பின அப்பன் மாதிரி அழுதுகொண்டிருந்தான். எங்கள் அடுப்பில் தண்ணீர் சுடவே இல்லை. எதிர் வீட்டு மருமகள் இந்த முறை நடிக்கவில்லை, நிஜமாகவே இருமினாள்.

இந்தப் புகைக்குள் சார் வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, எங்காவது தீப்பிடித்துவிட்டதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். இல்லை சார், சமைக்கிறார்கள் என்றாள் அவள். நேற்றுப் பார்த்தபோது இப்படி இல்லையே என்கிற பார்வை அவள் முகத்தில் இருந்தது. டீச்சர் மாடியிலிருந்து, பாருங்கள், எங்கள் சந்தில் நாலு குடும்பம், நாலு அடுப்பு என்று பாடம் நடத்துகிற மாதிரி எடுத்துச் சொன்னார். சார் தலையை ஆட்டினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எதிர் வீட்டு வாசல் நடையில் பெரியவர் சாப்பிட உட்கார்ந்தார். மருமகள் பரிமாறினாள். அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார், மெல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு தட்டை நகர்த்தி வைத்தார். வீட்டுக்குள் அவர்கள் அவர்களுடைய பாஷையில்தான் பேசுவார்கள். அன்றைக்குப் பெரியவர் எல்லோருக்கும் புரியட்டும் என்றோ என்னவோ தமிழில் பேசினார்.

"ஒரு வாரமா நிம்மதியாச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். எதிர் வீட்டு அம்மாவுக்கு ஒடம்புக்கு என்ன?"

மருமகள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"மாமா, ஒங்களுக்குத் தெரியுமா?"

"நம்ம வீட்டுச் சாம்பார்ல என்னைக்கு உப்பு சரியா இருந்துச்சு? மொத நாளே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா எனக்கு ஆசாரம் கெடுதுன்னு நீயே நிறுத்திருவ. அப்பறம் நான் இதத் திங்கணும்" என்று தட்டைக் காட்டினார்.

ஆட்டோக்காரத் தம்பிதான் முதலில் சிரித்தான். அப்புறம் என் மருமகள். சார் சிரிக்கவில்லை. அப்போ எல்லாருக்கும் ஒரே உலைதானா என்று டீச்சரைப் பார்த்துக் கேட்டார். டீச்சர் உள்ளே போய்த் தன் கேஸ் அடுப்பை அணைத்தார்.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எரியாத என் அடுப்பை ஒரு முறை ஊதிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பாட்டி, நேத்து ராத்திரி சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு தாயி."

"ஆச்சு வேணாம். என்ன சாப்பிட்டீங்க?"

இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆச்சு என்று சொன்னால் எல்லோரும் அதோடு விட்டுவிடுவார்கள், அதற்காகத்தானே அந்த வார்த்தை. உள்ளே குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வடிச்ச கஞ்சித் தண்ணி. மருமகளுக்கு மட்டும் கொஞ்சம் சோறு இருந்துச்சு."

"ஏன்?"

"மத்தியானம் வடிக்கிறதுதான் ராத்திரிக்கும். நேத்து நீ நாலு வீட்லயும் சாப்ட்டியே தாயி. அதான் ராத்திரிச் சோறு."

குறையாகச் சொல்லவில்லை. அவள் கேட்டாள், சொன்னேன். ஆனால் சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது. அவள் அந்தப் பெரிய செல்லை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். "நீ பசியோட வந்த. நல்லாத்தான் சாப்ட்ட. எனக்குச் சந்தோசந்தான்" என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன், அது இன்னும் மோசமாகப் போய்விட்டது, அவள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தாள். புகைதான் என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு வாய் எப்படி வந்தது என்று தெரியவில்லை. சாரைக் கூட்டிக்கொண்டு போய் டீச்சர் வீட்டு அரிசி மூட்டையைக் காட்டினேன். காலிச் சாக்கு சுவரில் சாய்ந்திருந்தது. எதிர் வீட்டுப் பருப்பு, எங்கள் வீட்டு மிளகாய்ப்பொடி, தம்பி பிடித்த பூசணிக்காய், தனித்தனியாக இருந்தால் ஒரு வீட்டிலும் ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது சார், அதனால்தான் சேர்த்து வைத்தோம், சேர்ந்ததால்தான் இத்தனை நாள் ஓடியது என்றேன். இம்புட்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். டீச்சர் என்னை இதற்கு முன்னால் பார்த்ததே இல்லாத மாதிரிப் பார்த்தார்.

சார் சாக்கை எடுத்து உதறிப் பார்த்தார். வெள்ளத்துக்கு முன்னால் இங்கே எத்தனை அடுப்பு என்று கேட்டார்.

"நாலு" என்றேன். முந்தின நாள் சொன்ன அதே வார்த்தைதான்.

அப்படியென்றால் நாலு குடும்பம்தான், தண்ணீரில் அடுப்பு போனதற்காகக் குடும்பத்தைக் குறைக்க முடியாது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் டீச்சர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து கேள்விகளை முதலிலிருந்து கேட்டாள். இந்த முறை டீச்சர், வாங்கிச் சாப்பிட்டோம் என்று சொன்னார். சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது, ஆனால் சொல்லிவிட்டார். கேள்வி முடிந்ததும் பழக்க தோஷத்தில், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். அந்தப் பெண்ணும் சாரும் அத்தனை வேகமாகச் சேற்றில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

மூட்டைகள் வேனில் வந்தன, வீட்டுக்கு ஒன்று. இறக்கிப் போட்ட பையன்களிடம் ஆட்டோக்காரத் தம்பி, "அண்ணே, சாப்ட்டீகளா?" என்று கேட்டான். ஆச்சுண்ணே என்றார்கள். அவர்களும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்தான் போல. என் மருமகள் தம்ளரில் நீர்மோர் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்ததும் மடக்மடக் என்று குடித்தார்கள்.

நாலு மூட்டையும் வந்த பிறகு தனித்தனியாகச் சமைத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் அறிவித்தார். எதிர் வீட்டுப் பெரியவர் தன் வீட்டு மூட்டையை மருமகளிடம் தூக்கச் சொல்லி, டீச்சர் வீட்டு மாடிக்கே அனுப்பிவிட்டார். அவர் மகன் வெளியூரிலிருந்து வந்து புது சிலிண்டர் வாங்கும் வரைக்கும் ஒரே உலைதான் எரிந்தது. ஒரு மாற்றம், அந்த மருமகள் என் பக்கத்தில் நின்று எவ்வளவு உப்பு போடுகிறேன் என்று பார்க்க ஆரம்பித்தாள். இப்போது தேவலை என்று பெரியவர் சொல்கிறாராம். அவளிடம் இல்லை, ஆட்டோக்காரத் தம்பியிடம்.

எழுதினதை மருமகளிடம் படித்துக் காட்டினேன். அந்த வாரம் முழுக்கச் சாம்பாரில் கிடந்தது சுரைக்காய் என்கிறாள் அவள். தம்பியைக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. டீச்சர் அது பூசணிதான் என்கிறார், ஆனால் அவர் எதையும் இப்படித்தான் உறுதியாகச் சொல்வார். பெரியவர் முதலில் சொன்னது உப்பைப் பற்றியா புளியைப் பற்றியா என்பதிலும் எனக்கு இப்போது லேசாகச் சந்தேகம் வருகிறது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்தப் பெண்ணைத் தெரிந்திருந்தால், ஒரு வார்த்தை கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும். நாலு வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள் ஒருத்திதான், என்ன காய் என்று அவளுக்கு மறந்திருக்காது. தப்பாக இருந்தால் திருத்தி எழுதிவிடுகிறேன்.